தம்பிக்கு மூன்று முறை கயிறு கட்டியாகிவிட்டது, இனி என்ன செய்வது?

தக்காளித்தோட்டம் | செவ்வாய், இரவு 9:48

எல்லோருக்கும் வணக்கம். நான் பாலக்கோடு பக்கம். இங்கே இதுவரை நாற்று, பூச்சி மருந்து, மண்டி விலை பற்றித்தான் எழுதியிருக்கிறேன். இன்று வீட்டு விஷயம். ஊரில் யாரிடமும் வாய் திறக்க முடியவில்லை.

என் தம்பிக்கு 34 வயது. பெங்களூரில் டைல்ஸ் ஒட்டும் வேலை. பதினெட்டு வயதில் போனவன். கைவேலை அவ்வளவு சுத்தமாக இருக்கும், மேஸ்திரிகள் தேடி வந்து கூப்பிடுவார்கள். முதலில் சனிக்கிழமை கூலி வாங்கிய இரவு மட்டும் குடித்தான். அப்புறம் தினமும் வேலை முடிந்ததும். இரண்டு வருடமாகக் காலையில் ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் கை நிற்கிறது. இல்லாவிட்டால் காப்பி டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாது. வேலையும் போய்விட்டது, இப்போது வீட்டில் இருக்கிறான்.

மூன்று முறை கோயிலுக்குக் கூட்டிப்போய், இனி குடிப்பதில்லை என்று சாமி முன்னால் கயிறு கட்டினோம். முதல் முறை நான்கு மாதம் தாங்கினான். இரண்டாம் முறை நாற்பது நாள். மூன்றாவது, போன வியாழக்கிழமை காலை. அன்று சாயங்காலமே வேர்த்துக் கொட்டியது. வெள்ளி இரவு வலிப்பு வந்துவிட்டது. சனி இரவு நடந்ததை எழுதவே கை வரவில்லை. தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இல்லாத டைல்ஸை எடுத்து ஒட்டிக்கொண்டே இருந்தான். மட்டம் பார்த்தான். நூலைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று என்னைத் திட்டினான். சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று துடைத்தான். அம்மா காற்று கருப்பு என்று பயந்து பூசாரிக்கு ஆள் அனுப்பிவிட்டது. கடைசியில் மாமா ஒரு குவாட்டர் வாங்கி வந்து ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் அடங்கித் தூங்கிவிட்டான். சாமிக்குக் கட்டிய கயிறு கையில் இருக்கும்போதே நாங்களே குடிக்கக் கொடுத்தோம். அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

இது வியாதியா, திமிரா? எங்கள் அப்பாவும் குடித்தே போனவர், அப்படியானால் ரத்தத்தில் வருவதா? என் மகனுக்கு 15 வயது. அந்தப் பயமும் இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா, சாப்பாட்டில் கலந்து கொடுக்கிற பொடி பார்சலில் வரும் என்கிறார். வாங்கலாமா?


அரூர்க்காரன் | செவ்வாய், இரவு 10:20

அக்கா, மனசு கேட்காமல் எழுதுகிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். எல்லாம் வைராக்கியம்தான். என் பெரியப்பா இருபது வருடம் குடித்தவர். பேத்தி பிறந்த அன்று விட்டார், செத்த நாள்வரை தொடவில்லை. ஆஸ்பத்திரி, மாத்திரை எதுவும் இல்லை. நீங்கள் இளகிப் போகிறீர்கள், அது தம்பிக்குத் தெரிகிறது. ஒரு வாரம் அறையில் போட்டுப் பூட்டுங்கள். சாப்பாடு மட்டும் கொடுங்கள். எத்தனை கத்தினாலும் திறக்காதீர்கள்.


பழைய சிஸ்டர் | செவ்வாய், இரவு 10:41

பூட்டாதீர்கள். முதலில் இதை மட்டும் எழுதிவிட்டு, மீதியைப் பிறகு எழுதுகிறேன். தம்பி இப்போது குடித்துக்கொண்டிருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம். நாளையோ மறுநாளோ மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். மறுபடி வலிப்போ பிதற்றலோ வந்தால் 108 ஐக் கூப்பிடுங்கள்.


பழைய சிஸ்டர் | செவ்வாய், இரவு 11:35

அரசு மருத்துவமனைகளில் முப்பத்தொரு வருடம் செவிலியாக இருந்தேன். இரவு வார்டில் நீங்கள் எழுதியது போன்ற சனிக்கிழமைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த நிலையில் ஆட்கள் தங்கள் தொழிலையே செய்வார்கள். டிரைவர் கட்டிலில் உட்கார்ந்து ஸ்டியரிங் திருப்புவார். தறிக்காரர் நாடா தள்ளுவார். உங்கள் தம்பி டைல்ஸ் ஒட்டியிருக்கிறான். அது பேய் இல்லை அம்மா. டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று பெயர். உயிரை எடுக்கக்கூடியது.

உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். மது மூளையை மந்தப்படுத்துகிறது. மூளையில் காபா என்று ஒரு வேதிப்பொருள் அமைதிப்படுத்தும், குளுட்டமேட் என்று ஒன்று முடுக்கிவிடும். தினமும் சரக்கு உள்ளே போய் மந்தமாக்கிக்கொண்டே இருந்தால், மூளை அதை ஈடுகட்ட முடுக்கத்தைக் கூட்டிக்கொண்டே போகும். மேட்டில் பார வண்டி இழுக்கும் மாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முழு மூச்சோடு இழுத்துக்கொண்டிருக்கும்போது பூட்டாங்கயிறு அறுந்தால் மாடு என்ன ஆகும்? முன்னால் பாய்ந்து விழும். திடீரென்று சரக்கை நிறுத்தினால் மூளைக்கு அதுதான் நடக்கிறது.

நிறுத்திய ஆறேழு மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் பிதற்றல் வரலாம். வியாழன், வெள்ளி, சனி என்று நீங்கள் எழுதியது அப்படியே பொருந்துகிறது. எல்லோருக்கும் இவ்வளவு வராது. காலையில் குடித்தால்தான் கை நிற்கும் என்கிறவர்களுக்கும், முன்பே ஒரு முறை வலிப்பு வந்தவர்களுக்கும் ஆபத்து அதிகம். உங்கள் தம்பி இரண்டிலும் வருகிறான். மாமா குவாட்டர் ஊற்றியதும் அடங்கியது ஏன் என்று இப்போது புரியும். அதற்காக உங்களை நீங்களே குற்றவாளி ஆக்கிக்கொள்ளாதீர்கள். தெரிந்த ஒரே வழியில் அவனைக் காப்பாற்றப் பார்த்தீர்கள். ஆனால் அடுத்த முறை அந்த வேலையை டாக்டர் கொடுக்கும் மாத்திரை செய்யட்டும். டயசிபாம், லோரசிபாம் வகை மருந்தைக் கொடுத்து, ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். மருந்துக் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்கக் கூடாது. அதுவே இன்னொரு பழக்கமாகிவிடும், சரக்கோடு சேர்ந்தால் மூச்சே நின்றுவிடும்.

இன்னொன்று. சோறு இறங்காமல் வெறும் வயிற்றில் குடிப்பவர்களுக்கு பி1 வைட்டமின், அதாவது தயமின், வற்றிப்போயிருக்கும். அதைக் கவனிக்காவிட்டால் கண் பார்வை தடுமாறும், நடை தள்ளாடும், ஞாபகம் நிரந்தரமாகவே போய்விடலாம். "தெம்பாக இருக்க ஒரு குளுக்கோஸ் ஏற்றிவிடுங்கள்" என்று கிளினிக்கில் கேட்பவர்கள் நிறைய. தயமின் ஊசி போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் இந்தப் பாதிப்பு இன்னும் முற்றலாம். எங்கே போனாலும் "தினமும் குடிப்பவர், எப்போது நிறுத்தினார்" என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மானத்துக்குப் பயந்து "வெறும் காய்ச்சல்" என்று சேர்த்துவிட்டு, இரண்டாம் நாள் வலிப்பில் துடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ரத்தத்தில் வருவதா என்று கேட்டீர்கள். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளின்படி, ஒருவர் அடிமையாவதற்கான சாய்வில் ஏறக்குறைய பாதி பரம்பரையில் வருகிறது. மீதி வளர்ப்பு, சின்ன வயதுக் காயங்கள், எந்த வயதில் தொட்டார், கைக்கெட்டும் தூரத்தில் என்ன கிடைக்கிறது என்பதெல்லாம் சேர்ந்தது. குடிகாரர் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் வாழ்நாள் முழுதும் தொட்டதே இல்லை.

அரூர் தம்பிக்கும் ஒரு கேள்வி. உங்கள் பெரியப்பாவுக்குக் காலையில் கை நடுங்கியதா?


தக்காளித்தோட்டம் | புதன், காலை 5:55

சிஸ்டர், இரவே படித்தேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். டைல்ஸ் விஷயத்தை நீங்கள் எழுதிய இடத்தில் அம்மா அழுதுவிட்டது. பொடி பற்றி யாராவது சொல்லுங்கள், பக்கத்து வீட்டு அக்கா இன்று பணம் கேட்பார்.


ஒசூர்ப்பக்கம் | புதன், காலை 7:30

வாங்காதீர்கள் அக்கா. நான் செய்த தப்பை நீங்கள் செய்ய வேண்டாம்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரருக்குச் சாம்பாரில் கலந்து கொடுத்தேன். பொட்டலத்தில் மூலிகை என்று மட்டும் போட்டிருந்தது. நான்காவது நாள் குடித்துவிட்டு வந்தார். முகம் ரத்தச் சிவப்பாகிவிட்டது. வாந்தி நிற்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே சரிந்துவிட்டார். மருத்துவமனையில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டபோதுதான் சொன்னேன். டைசல்பிரம் போல ஏதோ இருந்திருக்கலாம் என்றார். குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற மாத்திரை அது. முழு விவரமும் தெரிந்து, சம்மதித்துச் சாப்பிடுகிறவருக்கு, இதயத்தையும் ஈரலையும் சோதித்துவிட்டுத்தான் கொடுப்பார்களாம். நிறுத்தி இரண்டு வாரம் ஆனாலும் உடம்பில் அதன் வேலை இருக்குமாம். தெரியாமல் கொடுத்தால் சாகக்கூட வாய்ப்புண்டு. கொலைக்குப் பக்கத்தில் போய்விட்டு வந்தேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

உயிர் பிழைத்தார். ஆனால் அதற்கப்புறம் ஆறு மாதம் என் கையால் எதுவும் சாப்பிடவில்லை. அந்த நம்பிக்கையைத் திரும்ப வாங்குவதுதான் குடியை நிறுத்துவதைவிடப் பெரிய பாடாக இருந்தது.

பிறகு பெங்களூரில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்குப் போனோம். ஒசூரிலிருந்து பஸ்ஸில் ஏறினால் ஒசூர் ரோட்டிலேயே இறங்கிக்கொள்ளலாம். அங்கே போதை மருத்துவத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, தமிழில் பேசலாம். குடிக்கும் ஆசையைக் குறைக்கிற மாத்திரைகளும் இருக்கின்றன, நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்று. அவரைக் கேட்டுத்தான் கொடுத்தார்கள். எனக்கும் தனியாக உட்கார வைத்துப் பேசினார்கள். கடன்காரரிடம் அவருக்காகப் பொய் சொல்வது, கம்பெனிக்குப் போன் செய்து "காய்ச்சல்" என்பது, வாந்தியைக் கழுவிவிட்டுக் காலையில் ஒன்றுமே நடக்காதது போலக் காப்பி கொடுப்பது, இதையெல்லாம் அன்பு என்று நினைத்துச் செய்துகொண்டிருந்தேன். பாரம் முழுவதையும் நான் தூக்கியதால் அவருக்கு அதன் கனமே தெரியாமல் போயிருக்கிறது.


தென்பெண்ணைக்கரை | புதன், இரவு 8:15

காவேரிப்பட்டணம் பக்கம் இருக்கிறேன். குடியை விட்டுப் பதினோரு வருடம் ஆகிறது.

தங்கச்சி, "வியாதியா, திமிரா" என்று கேட்டிருக்கிறாய். குடித்த காலத்தில் நானும் என்னையே அதைக் கேட்டிருக்கிறேன். பர்கூர்ப் பக்கம் கிரானைட் யார்டில் வேலை. ராத்திரி முழுக்கக் கல் ஏற்றினால் காலையில் இடுப்பு இரண்டாகப் பிளக்கும். கூட இருந்தவர்கள் கொடுத்த மருந்து சரக்குதான். அந்த வயதில் வலி பறந்துபோனது. அப்புறம் மகளுக்குக் காது குத்தியதற்குக் குடித்தேன், அம்மா செத்ததற்குக் குடித்தேன், கடைசியில் காரணமே தேவைப்படவில்லை. குடித்துச் சந்தோஷமாக இருந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கடைசி நான்கு வருடம் ஒரு நாள்கூடச் சந்தோஷத்துக்குக் குடிக்கவில்லை. சாதாரணமாக நிற்பதற்கே குடித்தேன்.

பின்னால் ஒரு மருத்துவர் விளக்கினார். சுவையான சாப்பாடு, பிள்ளையின் சிரிப்பு, நாலு பேர் பாராட்டு, எல்லாவற்றுக்கும் மூளையில் டோபமின் சுரக்கும், "இது வேண்டும், மறுபடி வா" என்று பதிந்துகொள்ளும். சரக்கு அந்தப் பாதையிலேயே புகுந்து மற்றதையெல்லாம் மங்க வைத்துவிடுகிறது. அதனால்தான் பெண்ணின் பள்ளிக்கூட ஆண்டு விழா எனக்குச் சப்பென்று இருந்தது. பிளாஸ்டிக் டம்ளரும் தண்ணீர்ப் பாக்கெட்டும் கண்ணில் பட்டால் மட்டும் நாக்கில் எச்சில் ஊறியது. பெண்மேல் பாசம் இல்லாமல் இல்லை. பாசம் இருந்தும் அப்படி இருந்தது. அதை நினைத்து அழுதுவிட்டு மறுபடி குடிப்பேன்.

கயிற்றைப் பற்றி. சாமியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நான் ஐந்து வருடம் தொடர்ந்து ஐயப்பனுக்கு மாலை போட்டேன். ஐந்து வருடமும் 48 நாள் ஒரு சொட்டு தொடவில்லை. மலையிறங்கி மாலையைக் கழற்றிய அன்றே, ஊர் வந்து சேருவதற்குள் ஏதாவது ஒரு கடையில் இறங்கிவிடுவேன். 48 நாள் முடிந்தது, 49 ஆம் நாள் ஏன் முடியவில்லை? ரொம்ப நாள் யோசித்தேன். மாலை போட்டிருக்கும்போது விடியற்காலை பச்சைத் தண்ணீரில் குளியல். தெருவில் சின்னப் பையன்கூட "சாமி" என்று கூப்பிடுவான். என்னை "டேய் குடிகாரா" என்று கூப்பிட்ட அதே தெரு. சாயங்காலம் ஆறு மணிக்கு, மற்ற நாளில் எனக்குக் கை பரபரக்கும் அதே நேரத்தில், பஜனையில் உட்கார்ந்திருப்பேன். எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவோம். குருசாமி இரண்டு நாள் ஆளைக் காணவில்லை என்றால் வீட்டுக்கே வந்துவிடுவார். மாலையைக் கழற்றியதும் இது எல்லாமே ஒரே நாளில் கழன்றுவிடும். மறுநாள் ஆறு மணிக்கு நான் மட்டும் தனியாக நிற்பேன்.

ஆறாவது வருடம் மருத்துவமனையில் படுத்து நிறுத்தினேன். வெளியே வந்தபின் ஏ.ஏ. கூட்டத்துக்குப் போனேன். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் கூட்டம். 1935 இல் அமெரிக்காவில் குடியோடு மல்லுக்கட்டிய இரண்டு பேர், ஒருவர் பங்குச் சந்தைக்காரர், ஒருவர் அறுவைச் சிகிச்சை மருத்துவர், ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டதில் தொடங்கியது. காசு கிடையாது, ஊர் பேர் கேட்க மாட்டார்கள். அங்கே போனபோது எனக்குக் கிடைத்தது மாலையைக் கழற்றியபோது போனதுதான். ஆறு மணிக்குப் போக ஓர் இடம், என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆள், வராவிட்டால் தேட ஒருத்தர். எல்லோருக்கும் அந்தக் கூட்டம் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு மருந்தும் ஆலோசகரும் போதும். ஆனால் இந்த மூன்றும் ஏதாவது ஒரு உருவத்தில் இருக்க வேண்டும்.

உன் தம்பி பெங்களூரில் தகர ஷெட்டில் தனியாகக் கிடந்தவன். அதையும் சேர்த்து யோசி.


அரூர்க்காரன் | வியாழன், மதியம் 1:05

எல்லாம் படித்தேன். ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். ஊருக்கு ஊர் கடையைத் திறந்து வைத்துவிட்டு, டோபமின் என்று விளக்கி என்ன பயன்? கடையை மூடினால் பாதிப் பேர் தானாகத் திருந்துவார்கள். எங்கள் தெருவிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் பார் வாசலைத் தாண்டித்தான் பிள்ளைகள் போகிறார்கள்.


பென்னாகரம் வாத்தியார் | வியாழன், இரவு 9:10

அரூர்க்காரரின் கோபம் நியாயமானது. கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பது குறைந்தால் குடி குறையும் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. விலை, கடை நேரம், கடைகளின் எண்ணிக்கை, இவற்றைக் கட்டுப்படுத்தச் சொல்லித்தான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

நம் மண்ணுக்கு இதில் ஒரு பழைய கதை உண்டு. ஒசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக (அன்று முதல்வர் பதவிக்கு அதுதான் பெயர்) இருந்தபோது, 1937 அக்டோபர் 1 இல் மதுவிலக்கை முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில்தான் கொண்டு வந்தார். அன்றைய சேலம் மாவட்டத்தில் இன்றைய தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் அடக்கம். போன கலால் வருமானத்தை ஈடுகட்ட 1939 இல் விற்பனை வரி வந்தது. 1971 இல் மதுவிலக்குத் தளர்ந்தது, 1974 இல் மறுபடி வந்தது, 1983 இல் டாஸ்மாக் உருவானது, 2003 இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போனது. எண்பது வருடத்துக்கும் மேலாக மூடித் திறந்து, மூடித் திறந்து பார்த்திருக்கிறோம்.

மூடுவது மட்டும் போதாது என்பதற்கும் சாட்சி நம் எல்லையிலேயே இருக்கிறது. கர்நாடகம் 2007 ஜூலையில் சாராயத்தைத் தடை செய்தது. 2008 மே மாதம் பெங்களூரு, கோலார் பக்கத்திலும் நம் கிருஷ்ணகிரி எல்லைக் கிராமங்களிலும் மெத்தனால் என்ற விஷம் கலந்த சாராயம் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. கடையை மூடு என்று கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் மூடுகிற அன்று காலையில் கை நடுங்கப்போகிறவனுக்குப் படுக்கை எங்கே என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். 2019 இல் வெளியான எய்ம்ஸ் தேசிய ஆய்வில், மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்ததாகச் சொல்லியிருக்கிறார். எனக்கு இந்த எண்தான் நெஞ்சை அடைக்கிறது.

தக்காளித்தோட்டம் அக்கா, உங்கள் மகனைப் பற்றி. எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பிலிருந்தே பார்க்கிறேன். முதலில் வருவது சரக்கு இல்லை, உதட்டுக்குள் அடக்கிக்கொள்ளும் புகையிலைப் பொட்டலம். பள்ளியிலிருந்து நூறு கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003 முதல் மத்தியச் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2013 இலிருந்து குட்காவுக்குத் தடையும் இருக்கிறது. ஆனாலும் பையில் இருக்கிறது. வருடா வருடம் போதை எதிர்ப்பு நாளான ஜூன் 26 அன்று ஊர்வலம் போகிறோம், புண்ணான வாய்ப் படங்களைக் காட்டுகிறோம். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வெளியே போய்ப் போட்டுக்கொண்ட பையனை எனக்குத் தெரியும். பயம் அந்த வயதில் வேலை செய்வதில்லை. முன்யோசனைக்கும் அடக்கத்துக்கும் உரிய முன்மூளை முதிர 25 வயதுவரை ஆகும் என்கிறார்கள். எவ்வளவு தள்ளித் தொடுகிறானோ அவ்வளவு நல்லது.

எனக்குப் பலன் தந்தது வேறு. அப்பா அம்மா பெங்களூரிலோ திருப்பூரிலோ இருக்க, பாட்டியோடு வளரும் பிள்ளைகள் எங்கள் பக்கம் அதிகம். இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகிறேன். ஐந்து மணிக்கு மேல் மைதானத்தைத் திறந்து வைக்கிறோம். அப்புறம், பெற்றோர் கூட்டத்தில் ஒன்றை மட்டும் விடாமல் சொல்கிறேன். பிள்ளையைக் கடைக்கு அனுப்பிச் சரக்கோ பீடியோ வாங்கிவரச் சொல்லாதீர்கள். இந்த மாநிலத்தில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கவே கூடாது.

மகனிடம் தாத்தாவைப் பற்றி மறைக்காமல் சொல்லுங்கள். "நம் குடும்பத்துக்கு இது சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும், அதனால் நீ மற்றவர்களைவிடக் கவனமாக இருக்க வேண்டும்" என்று. "நீயும் உன் மாமன் மாதிரித்தான் ஆவாய்" என்று மட்டும் கோபத்தில்கூடச் சொல்லிவிடாதீர்கள்.


அரூர்க்காரன் | வெள்ளி, காலை 8:40

பெரியம்மாவிடம் போன் போட்டுக் கேட்டேன். பெரியப்பா சந்தை நாளில் மட்டும் குடிப்பாராம். காலையில் தொட்டதே இல்லையாம், நடுக்கமும் இருந்ததில்லை. நான் தினமும் என்று நினைத்திருந்தேன். அக்கா, பூட்டச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.


தக்காளித்தோட்டம் | பதினாறு நாள் கழித்து, இரவு 10:02

தாமதத்துக்கு மன்னிக்கவும். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். மனநலப் பிரிவு என்று போர்டைப் பார்த்ததும் தம்பி "நான் பைத்தியமா" என்று வாசலிலேயே நின்றுவிட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வரிசையில் இருந்த ஒரு பெரியவர், "நானும் உன் மாதிரிதான் தம்பி, கையைப் பார்" என்று நீட்டிக் காட்டினார். இருவர் கையும் ஒரே மாதிரி ஆடியது. அப்புறம்தான் உள்ளே வந்தான்.

பத்து நாள் படுக்கையில் இருந்தான். சிஸ்டர் சொன்னபடி எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். தயமின் ஊசி போட்டார்கள். இந்த முறை வலிப்பு இல்லை, பூச்சி இல்லை. ஆறாம் நாள் தட்டில் போட்ட களியைத் தானே உருட்டிச் சாப்பிட்டான். அம்மா கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

தம்பி டாக்டரிடம் சொன்ன ஒன்றை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். அப்பா குடித்துவிட்டு அடிக்கும் இரவுகளில் இவன்தான் அம்மாவுக்கு முன்னால் போய் நிற்பானாம். எனக்கு அப்போது கல்யாணமாகிவிட்டது. அவனுக்கு ஒன்பது வயது. பெங்களூர் போனதே அந்த வீட்டில் தூங்கப் பிடிக்காமல்தான் என்றான்.

ஊரில் "மாமியார் வீட்டில் ஏதோ விசேஷம்" என்று பொய் சொல்லிவிட்டுத்தான் போனோம். மாமா, மாசச் செலவு கட்டி ஒரு மறுவாழ்வு இல்லத்தில் ஆறு மாதம் விட்டுவிடலாம் என்கிறார். ஆட்களை அனுப்பி வண்டியில் தூக்கிப் போவார்களாம். விடலாமா?


பழைய சிஸ்டர் | மறுநாள், காலை 6:20

களியை உருட்டியது கேட்டு எனக்கும் கண் கலங்கியது.

தூக்கிப்போகிற இடத்துக்கு விடாதீர்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதை சார்ந்த பாதிப்பையும் தனக்குள் கொண்டுவருகிறது. அப்படிப்பட்ட இல்லங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். சங்கிலியில் கட்டுவது குற்றம். பதிவுச் சான்றைக் கேளுங்கள், மருத்துவர் தினமும் வருகிறாரா என்று கேளுங்கள், குடும்பத்தைப் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். முகம் சுளித்தால் திரும்பி வந்துவிடுங்கள். நல்ல இல்லங்களும் உண்டு. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980 இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடும்பத்தையும் சேர்த்து உட்கார வைத்துச் சிகிச்சை தருவதில் முன்னோடி. வழி தெரியாமல் நிற்கும்போது 14446 என்ற இலவச போதை மீட்பு உதவி எண்ணில் கேட்கலாம். மனசு பாரமாக இருந்தால் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம். அந்த எண் உங்களுக்கும்தான் அம்மா, தம்பிக்கு மட்டும் இல்லை.


தக்காளித்தோட்டம் | ஏழு வாரம் கழித்து, இரவு 11:50

குடித்துவிட்டான். பெங்களூர் மேஸ்திரி போனில் அட்வான்ஸ் அனுப்பினார். பணம் வந்த அன்று மாலை வெளியே போனவன் இரண்டு நாள் கழித்து வந்தான். எல்லாம் வீண். அம்மா பேசவே மறுக்கிறது. நானும் இன்று அவனுக்குச் சோறு போடவில்லை.


தென்பெண்ணைக்கரை | அதே இரவு, 12:10

முதலில் சோறு போடு தங்கச்சி.

இத்தனை நாள் குடிக்காமல் இருந்தது எங்கேயும் போய்விடவில்லை. நான் இரண்டு முறை சறுக்கினேன். இரண்டு முறையும் என்னைத் திரும்பக் குடிக்கத் தள்ளியது சரக்கைவிட, "எல்லாம் போச்சு, இனி மூஞ்சியில் எப்படி முழிப்பது" என்ற எண்ணம்தான். கையில் மொத்தப் பணம், கூப்பிட்டது பழைய சேர்க்கை, சாயங்கால நேரம். மூன்றும் ஒன்றாக வந்தால் எனக்கு இன்றைக்கும் ஆபத்துதான். பதினோரு வருடமாக என் கூலி மனைவி கணக்குக்கே போகிறது.

நாளைக்கே டாக்டரிடம் கூட்டிப் போ. இரண்டு நாள் குடிதான் என்றாலும், முன்பு வலிப்பு வந்தவன், நடுக்கம் இருக்கிறதா என்று பார்க்கட்டும். மாத்திரையை நடுவில் விட்டுவிட்டானா என்றும் கேள்.


பென்னாகரம் வாத்தியார் | மறுநாள், காலை 7:00

வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கச் சிப்பாய்களில் பெரும்பாலோர், ஊர் திரும்பிய பிறகு மறுபடி அடிமையாகவில்லை என்று 1970களில் ஓர் ஆய்வு வந்தது. இடமும் சூழலும் மாறியது அதற்கு ஒரு பெரிய காரணமாகச் சொல்லப்பட்டது. அதனால் கேட்கிறேன், தம்பிக்கு இந்தப் பக்கமே டைல்ஸ் வேலை கிடைக்காதா? எங்கள் பள்ளியில் கழிப்பறைக்கு டைல்ஸ் போட வேண்டியிருக்கிறது. ஒப்பந்தக்காரரிடம் நான் பேசிப் பார்க்கிறேன். மாலை ஐந்து மணிக்கு வேலை முடிந்தால் மைதானத்தில் பையன்களோடு வாலிபால் ஆடலாம்.


தக்காளித்தோட்டம் | நான்கு நாள் கழித்து, இரவு 9:15

சோறு போட்டேன். டாக்டரிடமும் போய் வந்தோம். மாத்திரையைப் பத்து நாளாக விட்டிருக்கிறான். உடம்பு சரியாகிவிட்டது என்று நினைத்தானாம். மேஸ்திரிக்கு மீதிப் பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டான். வாத்தியார் ஐயா, வேலைக்கு வருகிறேன் என்கிறான், எப்போது என்று சொல்லுங்கள்.

இன்று என் போனை வாங்கி இந்த இழை முழுவதையும் தம்பியே படித்தான். டைல்ஸ் ஒட்டிய இடத்தில் ரொம்ப நேரம் நின்றான். அப்புறம் என்னிடம் ஒன்றுதான் கேட்டான். காவேரிப்பட்டணம் அண்ணன் போகிற கூட்டத்துக்கு வரலாமா, வரும்போது என்ன எடுத்து வர வேண்டும்?


தென்பெண்ணைக்கரை | அதே இரவு, 9:22

ஒன்றும் வேண்டாம். ஞாயிறு காலை ஒன்பதரைக்குக் காவேரிப்பட்டணம் பஸ் ஸ்டாண்டில் இறங்கச் சொல். டீக்கடை முன்னால் நிற்பேன். பாலக்கோட்டிலிருந்து ஏறும்போது ஒரு போன் மட்டும் போடச் சொல், நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.